பெரணிக்கு என்ன மண் வைப்பது?

கேள்வி: மூன்று முறை பெரணி (ஃபெர்ன் செடி) வைத்தேன், மூன்றும் போய்விட்டன. தோட்டமண், மணல், தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்துதான் தொட்டியை நிரப்பினேன். நிழலில்தான் இருக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். இரண்டே மாதத்தில் இலை நுனி கருகி, நடுக்குருத்து அழுகிவிடுகிறது. என் மண்ணில் என்ன குறை?

பதில்: ரோஜாவுக்கு உங்கள் கலவை அருமையான கலவை. காட்டு நிழலில் பிறந்த செடிக்குத்தான் அது ஒத்துவராது.

மரங்கள் அடர்ந்த இடத்தில் ஒருமுறை குனிந்து தரையைக் கையால் விலக்கிப் பாருங்கள். மேலே காய்ந்த சருகு. அதன் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய, பாதி மக்கிய இலைகள். இன்னும் கீழே, அள்ளினால் கையில் கனமே தெரியாத கறுப்புத் தூள். அசல் மண் அதற்கும் அடியில்தான் தொடங்குகிறது. பெரணியின் வேர்கள் பெரும்பாலும் அந்தக் கறுப்புத் தூளிலேயே மேலாக ஓடுகின்றன. ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் இடம் அது. உங்கள் தொட்டியிலோ, நாள்தோறும் ஊற்றும் தண்ணீரில் தோட்டமண் இறுகிப்போகிறது. மூச்சுக்குக் காற்றில்லாத வேர் அழுகுகிறது. நுனிக் கருகலுக்கு உரத்திலுள்ள உப்பு காரணமாக இருக்கலாம். பெரணி கொஞ்சமாக உண்ணும் செடி.

செடி வளர்க்கத் தொடங்கிய காலத்தில் நானும் இப்படித்தான், ஊட்டமாக இருக்கட்டும் என்று பாதி மக்கிய சாணத்தை இரண்டு கை அள்ளிப் போட்டு, ஒரு நல்ல பெரணியைப் பத்தே நாளில் பறிகொடுத்தேன். சுருண்டிருந்த இளங்குருத்துகள் விரியாமலேயே பழுப்பேறி நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது இலைமக்கு. இது சமையலறைக் கழிவில் செய்யும் மக்கு உரத்திலிருந்து வேறுபட்டது. காய்ந்த இலையில் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. கடினமான நார்ப்பொருள் அதிகம். அதனால் பாக்டீரியாவைவிடப் பூஞ்சைக்குத்தான் அதில் வேலை. குவியல் சூடேறாது, நிதானமாகத்தான் மக்கும். உதிர்ந்த இலைகளைக் கையால் நொறுக்கி, தண்ணீர் தெளித்து, ஓட்டை போட்ட பெரிய பிளாஸ்டிக் பையில் அடைத்து நிழலில் ஒதுக்கி வையுங்கள். மாதம் ஒருமுறை ஈரம் பாருங்கள். மெல்லிய இலைகள் ஓராண்டில் மக்கிவிடும். தடித்த, மெழுகு பூசினாற்போன்ற இலைகளுக்கு இரண்டாண்டுகூட ஆகும். தைல மர இலையைச் சேர்க்காதீர்கள்; அதிலுள்ள எண்ணெய் இளஞ்செடிகளுக்கு ஆகாது.

சென்ற ஆண்டு கட்டிவைத்த ஒரு பையைப் பதினான்காம் மாதம் அவிழ்த்தேன். வாய்வரை திணித்திருந்த இலை கால் பையாக அமர்ந்திருந்தது. விரலால் கிளறினால் நூல் நூலாக வெண்பூஞ்சை. ஓர் இலையை எடுத்தேன். உருவம் இருந்தது, விரலிடுக்கில் தேய்த்ததும் தூளாக உதிர்ந்தது. முதல் மழை விழும்போது எழும் அதே மண்வாசனை. அழுகல் நெடி அடித்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். பையைத் திறந்து காற்றாட விடுங்கள், சரியாகிவிடும்.

இலைமக்கு இரண்டு பங்கு, தோட்டமண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. இதுதான் என் கலவை. மாவு போன்ற நைஸ் மணல் வேண்டாம், அது மண்ணை இன்னும் அடைக்கும். இலைமக்கு தயாராகும்வரை தேங்காய் நார்த்தூளை வைத்துச் சமாளிக்கலாம். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி உப்பை நீக்கிவிட வேண்டும். மக்காத காய்ந்த இலையை மண்ணோடு கலக்கவே கூடாது. அது மக்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும்.

கலந்ததும் ஒரு பிடி அள்ளி, நனைத்து, இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும். கட்டைவிரலால் தட்டியதும் உடைய வேண்டும். உடையாவிட்டால் இன்னும் இலைமக்கு சேருங்கள்.

பெரும்பாலான பெரணிகளுக்கு லேசான புளிப்பு மண் பிடிக்கும், பி.எச். (புளிப்பு-கார அளவு) 5.5 முதல் 6.5 வரை. ஈரம் கசியும் சுண்ணாம்புப் பாறை இடுக்கில் தானாகவே முளைக்கும் மெய்டன்ஹேர் பெரணி இதற்கு விலக்கு. அதற்குச் சுண்ணாம்பு ஒத்துக்கொள்ளும்.

நடும்போது கவனம். மண்ணின் மேல் படர்ந்தோடும் தண்டைப் புதைத்துவிடாதீர்கள். மேலாகப் படிய வைத்து, வேரை மட்டும் மூடுங்கள். குருத்து கிளம்பும் நடுப்பகுதியும் மண்மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். தண்ணீரை ஓரமாக ஊற்றுங்கள். தினமும் ஊற்றியே தீர வேண்டும் என்பதில்லை. விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் உலரத் தொடங்கினால் மட்டும் போதும்.

கேள்வி: தண்ணீர் வடிவதற்காகத் தொட்டியின் அடியில் சரளைக்கல் பரப்பலாமா?

பதில்: வேண்டாம். பலரும் சொல்வதுதான், ஆனால் பலன் நேர்மாறானது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுதும் ஊறிய பிறகே சொட்டும். கல்லைப் போட்டால் அந்தச் சொதசொதப்பு வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. அடித்துளையை ஒரு வலைத்துண்டால் மூடி, மேல்வரை ஒரே கலவையை நிரப்புங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? காட்டுக்குப் போகும்போது ஒரு சாக்கு மண் அள்ளி வந்தால் என்ன?

பதில்: தயவுசெய்து அள்ளாதீர்கள். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூறாண்டுக்கும் மேல் ஆகும். நீங்கள் அள்ளும் அந்த ஒரு சாக்கில் முளைக்கக் காத்திருக்கும் விதைகளும் பெரணியின் வித்துத்தூளும் மரவேரோடு பின்னிக்கிடக்கும் பூஞ்சை இழைகளும் இருக்கின்றன. அங்கே குழி விழும். உங்கள் தொட்டியில் அந்த உயிர்களில் பலவும் சில மாதம்கூடத் தங்கா. உங்கள் வாசலிலேயே தினமும் இலை உதிர்கிறதே, அதைப் பெருக்கிக் கொளுத்தாமல் பையில் கட்டுங்கள்.