கேலுக்குப் பதில் எந்தக் கீரை?

கேள்வி: கேல் (kale) என்ற கீரை போட்ட உருளைக்கிழங்கு சூப் செய்ய ஆசை. எங்கள் ஊரில் கேல் கிடைப்பதில்லை, பாலக் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் பாலக் சீக்கிரம் குழைந்துவிடும், இறக்கும்போதுதான் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால் நூக்கோல் இலைதான் சரி. கேல், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கோல் எல்லாமே ஒரே தாவர இனம், அதனால் அந்த லேசான கசப்பும் கடிபடும் தன்மையும் அப்படியே கிடைக்கும். கடைக்காரர் ஒடித்துப் போடும் இலையில் இளசாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். போர்ச்சுக்கல்காரர்கள் இந்த சூப்புக்கு நடுநரம்பை எடுத்துவிட்டு, இலைகளை அடுக்கிச் சுருட்டி நூல்நூலாக நறுக்குவார்கள், உருளைக்கிழங்கும் வெங்காயமும் வெந்து மசித்த பிறகு அதில் போட்டுச் சில நிமிடம் கொதிக்கவிடுவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முருங்கைக்கீரை வேண்டாம், அதன் வாசனை தூக்கலாகிவிடும்.