யாழ்ப்பாணத்தில் லோக்கல் பஸ் பிடித்து நகரத்துக்கு வெளியே போவது பாதுகாப்பானதா?

சென்னையிலிருந்து தோழியுடன் வருகிறீர்கள், தங்குவது நகரத்துக்குள். பருத்தித்துறை, நயினாதீவு, கசூரினா கடற்கரைக்கெல்லாம் வாடகை வான் (வேன்) பிடிக்காமல் லோக்கல் பஸ்ஸிலேயே போய்வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். நெல்லியடியிலிருந்து 750ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவள் நான். பகலில் இந்த பஸ்களில் உங்களோடு வரப்போவது பள்ளிக்கூடப் பிள்ளைகளும், பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிற வயதானவர்களும், மரக்கறிப் பையோடு சந்தையால் திரும்புகிறவர்களும்தான். போகும்போது ஒரு கரைச்சலும் இருக்காது. வெளியூர்க்காரர் மாட்டுப்படுவது திரும்பி வரும்போதுதான்.

இங்கே பஸ் ஓட்டம் பொழுதோடு அடங்கிவிடும். நகரத்திலிருந்து தள்ளிப் போகப் போக, முக்கியமாகத் தீவுப்பக்கத்தில், பின்னேரமே பஸ் குறைந்துவிடும். ஞாயிறும் போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளும் இன்னும் மோசம். சென்னைப் பழக்கத்தில் எட்டு மணிக்கும் ஏதாவது வரும் என்று நின்றால், இருட்டில் தெருநாய்களுக்கு நடுவே ஒரு சந்தியில் தனியாக நிற்க வேண்டியதுதான். அதனால் போய் இறங்கும்போதே கொண்டக்டரைக் கேளுங்கள்: "அண்ணை, திரும்பிப் போற கடைசி பஸ் எத்தினை மணிக்கு?" அதையே சந்திக் கடையிலும் ஒருக்கால் கேளுங்கள். இரண்டு பேரும் இரண்டு நேரம் சொன்னால் முந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே ஏறிவிடுவது நல்லது. கடைசி பஸ் வழியில் பழுதாகிவிட்டால் பின்னால் வேறொன்றும் வராது.

நயினாதீவுக்கு மத்திய பஸ் நிலையத்தில் 776 பிடிக்க வேண்டும். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும். அங்கிருந்து படகு. பஸ்ஸைவிட இந்தப் படகில்தான் கவனம் வேண்டும். ஏறியதும் கீழ்த்தட்டுக்குள் இறங்கச் சொல்வார்கள். பலகை ஆசனத்தில் தோளோடு தோள் முட்ட இருக்க வேண்டும், காற்றும் குறைவு. முடிந்தால் படிக்குப் பக்கத்தில் இருங்கள். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி, மடியில் வைத்திருக்காமல் போட்டுக் கட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் போடவில்லையே என்று பார்க்க வேண்டாம். கூட்டம் கூடுதலாகத் தெரிந்தால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாக் காலத்தில் இது இன்னும் முக்கியம். நெடுந்தீவுக்கும் இதே இறங்குதுறைதான், ஆனால் படகு மிகக் குறைவு. இரண்டு தீவையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள்.

கசூரினாவுக்கு 782 அல்லது 785இல் காரைநகர் போய், அங்கிருந்து ஓட்டோ பிடிக்க வேண்டும். ஏறுமுன் வாடகையைப் பேசி, திரும்ப ஏற்றுவதற்கும் அதே ஆளிடம் நேரம் சொல்லி நம்பரை வாங்கி வையுங்கள். கடற்கரையில் நின்று ஓட்டோ தேடுவது கஷ்டம்.

இனி, நீங்கள் கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிற விஷயம். ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் எடுத்த ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ ஒருமுறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாக 90 சதவீதப் பெண்கள் சொன்னார்கள். பொலிசுக்குப் போனவர்கள் 4 சதவீதம்தான். யாழ்ப்பாணம் இதற்கு விதிவிலக்கில்லை. கலாசார ஊர் என்று சொல்லி இதை மூடி மறைப்பதில் எனக்கு உடன்பாடும் இல்லை. காலையிலும் பின்னேரமும் நிற்க இடமில்லாமல் நெரிக்கும் பஸ்களில்தான் இது நடக்கிறது. அந்த நேரத்தைத் தவிர்த்து ஒன்பது மணிக்குப் பிறகு கிளம்புங்கள். நிற்க நேர்ந்தால் பெண்கள் நிற்கிற பக்கமாகப் போங்கள், தோள்பையை முன்னுக்குப் போடுங்கள். முன் ஆசனம் வெறுமையாக இருந்தால், மதகுருமாருக்கு ஒதுக்கியது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து இருங்கள். யாராவது கை வைத்தால் தோழியின் காதுக்குள் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். "கையை எடுங்கோ!" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் பக்கத்தில் இருக்கிற அம்மாவிடமும் கொண்டக்டரிடமும் சொல்லுங்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் இது 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அவமானப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

களவுப் பயம் சாதாரண நாளில் குறைவு. ஆனால் நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் சங்கிலி அறுக்கிறவர்கள் கூட்டத்துக்குள் வருவார்கள், நகையைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்தி ஓடும். மிதிபலகையில் நிற்காதீர்கள், முழுதாக நின்ற பிறகு இறங்குங்கள். படைமுகாம்களைப் படம் எடுக்க வேண்டாம். போர் நடந்த முகமாலைப் பக்கம் போனால் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை தாண்டி ஓர் அடிகூட வைக்கக் கூடாது, அங்கே கண்ணிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது.

போனில் இந்த இலக்கங்கள் இருக்கட்டும்: பொலிஸ் அவசரம் 119, இலவச அம்புலன்ஸ் 1990, பெண்களுக்கான உதவி 1938, சுற்றுலாத் தகவல் 1912.

முதல் நாளுக்குப் பருத்தித்துறையை வைத்துக்கொள்ளுங்கள். வல்வெட்டித்துறை வழியாக 751இல் போய், நெல்லியடி வழியாக 750இல் திரும்பலாம். இரண்டு பாதையிலும் பஸ் ஓடுவதால் ஒன்றைத் தவறவிட்டாலும் மற்றதில் ஏறி வந்துவிடலாம், பாதைகளும் பிடிபடும். தீவுப் பயணத்தை அதற்குப் பிறகு வையுங்கள், அதுவும் விடியவே கிளம்பக்கூடிய ஒரு வேலைநாளில்.