தொட்டிக்குக் கீழே ஒரு பாசித் தோட்டம்

கேள்வி: காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டில் 200 லிட்டர் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கிறேன். கற்களின்மேல் பச்சை இழைப்பாசி படர்ந்துகொண்டே இருக்கிறது, நைட்ரேட்டும் குறைவதில்லை. ரெஃப்யூஜியம் வைத்தால் தீரும் என்கிறார்கள். எப்படி அமைப்பது? அதற்கான பாசியைத் தொண்டிக் கடற்கரையிலிருந்து எடுத்து வரலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ரெஃப்யூஜியம் என்பது மீன்கள் நுழையாதபடி ஒதுக்கிய, பாசி வளர்க்கும் அறை. மீனின் கழிவாலும் மிஞ்சிய தீனியாலும் உண்டாகும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அந்தப் பாசி உறிஞ்சிக்கொள்வதால், கற்களில் படரும் இழைப்பாசிக்கு உணவு குறைந்துவிடுகிறது. கோபிபாட் போன்ற சிற்றுயிர்களும் அங்கே பெருகி, நீரோடு மேலே சென்று மீன்களுக்கு இரையாகும்.

தொட்டிக்குக் கீழே, நீர் வடிந்துவந்து பம்ப்பால் மீண்டும் மேலேறும் துணைத்தொட்டியான சம்ப்பில் கண்ணாடித் தடுப்பு வைத்து 30 முதல் 40 லிட்டர் இடம் ஒதுக்குங்கள். நீர் அதில் மெதுவாக ஓடினால் போதும். பலர் தவறுவது சம்ப்பை விளிம்புவரை நிரப்புவதில்தான். மின்சாரம் நின்றதும் மேல்தொட்டி நீரில் ஒரு பகுதி குழாய்வழியே கீழே இறங்கும். அதற்கு இடம் விடாவிட்டால் உங்கள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை உப்புநீரில் ஊறும். பம்ப்பை நீங்களே ஒருமுறை நிறுத்திப் பார்த்து, நீர் எவ்வளவு ஏறுகிறது என்று அறிந்துகொண்டு, வழக்கமான நீர்மட்டத்துக்குக் கோடு போட்டுவிடுங்கள்.

பாசியில் கீட்டோமார்ஃபாவே நல்லது. சிக்கலாகிப்போன பச்சை நைலான் நூல்போல இருக்கும். கைப்பிடியளவு வாங்கினால் போதும். காலெர்பா என்ற இன்னொரு பாசி வேகமாக வளர்ந்தாலும், சில வேளை ஒரே இரவில் வித்துகளை வெளியிட்டு, வெளுத்துச் சிதைந்து, நீரையே கலக்கிவிடும் என்பதால் நான் அதைச் சொல்வதில்லை. தொண்டிப் பாசியும் வேண்டாம். கரையில் ஒதுங்கியது அழுகத் தொடங்கியிருக்கலாம், நண்டுக்குஞ்சு முதலியவையும் கூடவே வந்து சேரும்.

மேல்தொட்டி விளக்கை அணைத்தபின், இரவில் 10 முதல் 12 மணி நேரம் பாசிக்கு எல்.இ.டி. விளக்கு எரியட்டும். பாசி கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால், இரவில் பிஹெச் (நீரின் அமில-கார அளவு) இறங்குவது குறையும்.

செட்டிநாட்டு வீடுகளுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். உப்பைக் கரைக்கப் பரணிலிருந்து செப்பு அண்டாவையோ பித்தளைத் தவலையையோ இறக்காதீர்கள், ஈயம் பூசியிருந்தாலும் கூடாது. செம்பு சிறிதளவு கரைந்தாலும் கோபிபாட்டும் இறாலும் சாகும்; பிளாஸ்டிக் வாளியே போதும். சித்திரை வெயிலில் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியில் தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் ஈடுசெய்யுங்கள்.

பாசி அறையை நிறைத்ததும் மூன்றில் ஒரு பங்கை வெளியே எடுத்துவிட வேண்டும். உறிஞ்சிய நைட்ரேட் பாசிக்குள்தான் இருக்கிறது. அங்கேயே அழுகவிட்டால் அத்தனையும் நீருக்குத் திரும்பிவிடும். எடுத்ததை நல்ல தண்ணீரில் அலசித் தென்னையடியில் போடலாம்.