மொபைல் ஹோமின் இரும்புப் படியில் ஷாக் அடிக்கிறது. எர்த் ராட் அடித்தால் நிற்குமா?

நிற்காது. முதலில் மெயினை ஆஃப் செய்துவிட்டு லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தொழிற்சாலையில் கட்டி இழுத்து வரும் இந்த வீடுகளில்தான், டெக்சாஸில் வயரிங் வேலை பார்க்கிறேன். ராட் மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கைதான் எனக்குப் பயமே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ராடுக்கும் மண்ணுக்கும் இடையே 25 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 120 வோல்ட் லைன் அடியிலிருக்கும் இரும்பு சேஸிஸில் பட்டால், மண் வழியாகப் போவது 4.8 ஆம்பியர்தான். 15 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு விழாது. சேஸிஸில் கரண்ட் அப்படியே நிற்கும். ராட் மின்னலுக்குத் தேவை, இதற்கு உதவாது. பிரேக்கர் விழ வேண்டுமானால், அந்தக் கரண்ட் செம்புக் கம்பி வழியாகவே டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப வேண்டும். அதனால்தான் சேஸிஸிலிருந்து பேனலுக்குக் குறைந்தது 8 கேஜ் செம்புக் கம்பி கேட்கிறார்கள். இரும்பு கேஸ் பைப், தண்ணீர் பைப், ஏசி டக்ட் எல்லாம் அதோடு சேர வேண்டும். டபுள் வைட், அதாவது இரண்டு பாதியாக வந்து சேரும் வீடு என்றால், இரண்டு சேஸிஸையும் இணைக்கும் கம்பியை வீடு வந்து இறங்கிய பிறகுதான் போடுவார்கள், விட்டுப்போவதும் அங்கேதான்.

உங்கள் கேஸில் எனக்குப் பெரிய சந்தேகம், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி மேல். சாதாரண வீட்டில் மெயின் பேனலிலேயே நியூட்ரலும் எர்த்தும் சேரும். இங்கே மெயின் பெரும்பாலும் வெளியே, சுவரிலிருந்து 30 அடிக்குள் ஒரு கம்பத்தில் இருக்கும். இரண்டும் அங்கேதான் சேர வேண்டும். அங்கிருந்து நான்கு வயர் உள்ளே வரும். உள் பேனலில் இரண்டும் தனித்தனி. நியூட்ரலைப் பேனல் பாடியோடு இணைக்க, பேனலோடு வரும் பச்சை ஸ்க்ரூவைக் கழற்றித் தூக்கிப் போடச் சொல்கிறது மின் விதி. பேனல் மாற்ற வந்த ஆள் பழக்கதோஷத்தில் அதை முறுக்கிவிட்டால், நியூட்ரல் கரண்ட் தினமும் சேஸிஸிலும் ஓடும். வெளி நியூட்ரல் கொஞ்சம் லூஸானால் போதும், படி, தகரச் சுவர், குழாய் எல்லாம் ஷாக் அடிக்கும். மூன்று பின் டிரையர், ஸ்டவ் கார்டும் இதே தப்புதான்: பின்பக்கம் நியூட்ரலைப் பாடியோடு இணைக்கும் பட்டையை எடுத்துவிட்டு நான்கு பின் கார்டு போட வேண்டும்.

1976 ஜூன் 15க்கு முன் கட்டிய வீடு என்றால் இந்த வீடுகளுக்கான அமெரிக்க மத்திய அரசின் ஹட் (HUD, வீட்டு வசதித் துறை) விதிகளுக்கு முந்தியது. எதையும் நம்பாமல் முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். வருபவரிடம் கம்பத்து நியூட்ரல், பச்சை ஸ்க்ரூ, வீட்டுக்கு அடியில் துருப்பிடிக்கும் சேஸிஸ் கிளாம்ப் மூன்றையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை பிள்ளைகளை அந்தப் படிப்பக்கம் விடாதீர்கள்.