பலூன் வைத்த சுவாசக் குழாய் குழந்தைக்கு ஆகாதா?

கேள்வி: நிமோனியா முற்றியதால் என் 2 வயது மகளை வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள். வாய்வழியே போட்டிருக்கும் குழாயில் பலூன் இருக்கிறதாம். ஓய்வுபெற்ற செவிலியரான என் பெரியம்மா, "எட்டு வயதுக்குள் பலூன் குழாய் போடவே கூடாது, உள்ளே புண்ணாகிவிடும்" என்கிறார். மாற்றச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். பெரியம்மா பணியில் இருந்த காலத்தில் எங்களுக்கும் அதுதான் பாடம். குழந்தையின் குரல்நாணுக்குக் கீழே இருக்கும் கிரிக்காய்டு வளையம் வட்டமானது, அளவான குழாயைப் போட்டால், காற்று ஒழுகாமல் இருக்கக் குழாயைச் சுற்றி ஊதும் பலூன் இல்லாமலேயே அடைத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். அது சற்றே நீள்வட்டம் என்பது பிறகு தெரியவந்தது. அதற்குள் உருண்டைக் குழாயை இறுக்கமாகச் செருகினால் பக்கச் சுவர்கள் நசுங்கும். முன்னும் பின்னும் காற்று ஒழுகும். பழைய பலூன்களும் விறைப்பானவை, அதிக அழுத்தம் கேட்பவை. இன்றைய மெல்லிய பலூன் குறைந்த அழுத்தத்திலேயே இடைவெளியை அடைத்துவிடுகிறது.

ஐரோப்பாவில் 24 மையங்களில், அறுவை சிகிச்சைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட 2,246 சிறு குழந்தைகளிடம் இரு வகைக் குழாய்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2009-ல் வெளியானது. குழாயை எடுத்தபின் மூச்சில் இரைச்சல் கேட்டது பலூன் குழாயில் 4.4 சதவீதம், பலூன் இல்லாததில் 4.7 சதவீதம், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அளவு பொருந்தாமல் குழாயை மாற்ற நேர்ந்தது முன்னதில் 2.1 சதவீதம், பின்னதில் 30.8 சதவீதம். நிமோனியாவில் நுரையீரல் விறைத்திருக்கும் குழந்தைக்கு இன்னொரு முறை குழாய் மாற்றுவது சின்ன வேலை அல்ல. ஒழுகல் இருந்தால் வென்டிலேட்டர் தரும் காற்றும் முழுதாகப் போய்ச் சேராது. அமெரிக்க இதய சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் பலூன் குழாய் பக்கமே சாய்கிறது. மிகச் சிறிய பச்சிளங்குழந்தைகள், குறிப்பாகக் குறைமாதக் குழந்தைகள் விஷயம் வேறு; அவர்களுக்குப் பெரும்பாலும் பலூன் இல்லாத குழாய்தான்.

அளவுக்கு வாய்ப்பாடு உண்டு. வயதை நான்கால் வகுத்து 3.5 கூட்டினால் பலூன் குழாயின் உள்விட்டம் கிடைக்கும்: உங்கள் மகளுக்கு 4 மில்லிமீட்டர். பலூன் இல்லாததென்றால் 4.5. (சுண்டுவிரல் பருமனைப் பார்த்து அளவு சொல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதை நம்ப வேண்டாம்.) அந்த அரை மில்லிமீட்டர்தான் பலூன் குழாயின் விலை. 4.5-ஐவிட 4-ல் காற்றுக்கான தடை ஏறக்குறைய 1.6 மடங்கு, வென்டிலேட்டர் அதை ஈடுகட்டிவிடும், ஆனால் கெட்டியான சளி சீக்கிரம் அடைக்கும். அதனால்தான் செவிலியர் அடிக்கடி சளி உறிஞ்சுகிறார்.

பெரியம்மாவின் பயத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு: அழுத்தம். குழாயிலிருந்து வெளியே தொங்கும் சிறு பலூனைக் கவனியுங்கள். உள்ளே இருக்கும் பலூனின் நிலையை அது காட்டுகிறது. அதை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்வது போதாது. எவ்வளவு தேர்ந்த கைக்கும் அது பிடிபடாது. அழுத்தமானியில் அளக்க வேண்டும். பொதுவாக 20 சென்டிமீட்டர் நீரழுத்தத்தை ஒட்டி வைப்போம், 25-ஐத் தாண்ட விடமாட்டோம். "ஒவ்வொரு ஷிஃப்டிலும் அளக்கிறீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். குழாயை மாற்றச் சொல்வதைவிடப் பயனுள்ள கேள்வி இது.

உதட்டருகே குழாயில் எந்த எண் தெரிகிறது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்; குழாய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை அது காட்டும். இந்த வயதில் 12 அல்லது 13 சென்டிமீட்டர் இருக்கும். மார்பு எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் உறுதிசெய்திருப்பார். மகளின் தலையை நீங்களாகத் தூக்கவோ திருப்பவோ வேண்டாம். தாடை நெஞ்சை நோக்கிக் குனிந்தால் குழாய் உள்ளே இறங்கும், நிமிர்ந்தால் மேலேறும். குழந்தையின் மூச்சுக்குழாய் குட்டையானது. ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்று போகலாம்.

குழாயை எடுத்த பிறகு ஓரிரு நாள் குரல் கம்மும். மூச்சை உள்ளிழுக்கும்போது இரைச்சல் கேட்டால் நெபுலைசரில் அட்ரினலின் கொடுப்பார்கள். வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்து அந்த இரைச்சல் புதிதாகத் தொடங்கினாலோ குரல் தெளியாமலே இருந்தாலோ, சளி என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, வென்டிலேட்டரில் இருந்ததை மறக்காமல் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.