எந்தக் கத்தி தேவலை?

கேள்வி: காட்டில் கூடாரம் போட்டுத் தங்கும்போது கையில் வைத்துக்கொள்ள மடக்காத சின்னக் கத்தி வேண்டும். மோரா கம்பேனியன், மோரா கார்பெர்க், ஈஎஸ்ஈஈ 4 மூன்றில் எதை வாங்கலாம்?

பதில்: முதல் கத்தி என்றால் யோசிக்காமல் கம்பேனியன். அலகு சுமார் 10 செ.மீ., கனம் 2.5 மி.மீ. தான். மெல்லிசாக இருப்பதால் குச்சி சீவினால் சுருள் சுருளாக வரும்; அந்தச் சுருள்தான் ஈர விறகைக்கூடப் பற்றவைக்கும். ஆனால் அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை போவதில்லை. விறகில் பதித்து முதுகில் கட்டையால் தட்டிப் பிளக்கிற வேலைக்கு அது ஏற்றதல்ல. நான் அப்படி ஒரு கத்தியை (வேறு கம்பெனி) முடிச்சு விழுந்த கட்டையில் தட்டி, பிடி தனியாக, அலகு தனியாக நின்றேன். அன்று ராத்திரி குளிர் காய நெருப்பில்லை.

பிளப்பதும் உண்டு என்றால் கார்பெர்க். 3.2 மி.மீ. கனம், இரும்பு பிடியின் கடைசிவரை ஓடுகிறது. முதுகு சதுர விளிம்பாக இருப்பதால் தீக்கோலை (நெருப்பு மூட்ட உதவும் உலோகக் கோல்) அதில் உரசினால் பொறி கொட்டும்.

ஈஎஸ்ஈஈ 4 கிட்டத்தட்ட 4.8 மி.மீ. கனம். முரட்டு வேலை தாங்கும், வெங்காயம் நறுக்கினால் பிளக்கும்! வழக்கமாக வரும் 1095 கார்பன் எஃகு துருப்பிடிக்கும். ஈரத்தைத் துடைத்து எண்ணெய் தடவ சோம்பல் என்றால் அது உங்களுக்கு வேண்டாம்.