வென்ட்வொர்த்தைச் சிறைக்கு அனுப்பியது யார்?

வணக்கம் ஐயா,

பேச்சுரிமை பற்றிய உங்கள் உரையில் பீட்டர் வென்ட்வொர்த்தை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். முதலாம் எலிசபெத் ராணியை எதிர்த்துப் பேசியதால் ராணி அவரைச் சிறையில் போட்டார், அங்கேயே இறந்தார் என்று ஒரு காணொளியில் கேட்டேன். அவ்வளவுதானா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இறந்த இடம் சரி. ஆனால் முதல் தடவை அவரை உள்ளே தள்ளியது ராணி இல்லை, இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் கூட உட்கார்ந்திருந்த உறுப்பினர்கள்.

1576 பிப்ரவரி 8. கார்ன்வாலின் ட்ரெகனி என்ற சிற்றூருக்கான உறுப்பினர் வென்ட்வொர்த், கீழவையான காமன்ஸ் சபையில் எழுந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. சபையைக் கெடுப்பவை இரண்டு என்றார். ஒன்று, ‘பார்த்துப் பேசுங்கள், ராணிக்கு இது பிடிக்காது’ என்று காதோடு காதாக உலவும் பேச்சு. இன்னொன்று, இதைத் தொடாதே என்று அரண்மனையிலிருந்து வரும் செய்தி. அதோடு விட்டாரா? குற்றமில்லாதவர் யாருமில்லை, நம் ராணியும்கூட என்றார். சபை பதறிப்போய்ப் பேச்சைப் பாதியில் நிறுத்தியது.

அன்றே விசாரணை. கேட்டவர்களில் ராணியின் ஆலோசகர்களும் இருந்தார்கள். ஆலோசகர்களாகக் கேட்டால் பதில் கிடையாது, சபையின் குழுவாகக் கேட்டால் சொல்கிறேன் என்றார். எனக்குப் பிடித்தது இனிமேல்தான். தன் நிலத்தில் நடந்தபடி அந்த உரையை மனதில் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம், இது உன்னைச் சிறையில்தான் கொண்டுபோய் விடும், எடுத்துவிடு என்று பயம் சொன்னதாம். இருபது தடவைக்கு மேல்! எடுக்கவில்லை.

சபை அவரை லண்டன் டவர் என்ற கோட்டைச் சிறைக்கு அனுப்பியது. ஒரு மாதம் கழித்து, விட்டுவிடுங்கள் என்று சொல்லியனுப்பியவர் ராணி. அதாவது, எந்த அரண்மனைச் செய்தியை அவர் சாடினாரோ, அதே வழியில் விடுதலை வந்தது. மண்டியிட்டுத் தவறை ஒப்புக்கொண்டு வெளியே வந்தார்.

அவரை நம் காலத்து ஜனநாயகவாதியாக்கிவிட வேண்டாம். தீவிரப் பியூரிட்டன், அதாவது திருச்சபையில் கத்தோலிக்கச் சாயலே கூடாது என்ற கடும் புராட்டஸ்டண்ட். கத்தோலிக்கரான ஸ்காட்லாந்து ராணி மேரியின் தலையை வெட்டச் சொன்னவர், அவரைச் சபையிலேயே கொச்சையாகத் திட்டியவர். அவர் கேட்ட சுதந்திரம் சபைக்கு. தெருவில் நடந்த கத்தோலிக்கருக்கு அல்ல.

1587-இல் மறுபடி டவர். 1593-இல் கடைசியாக. இம்முறை, பிள்ளையில்லாத ராணிக்குப் பின் யார் என்று சபையில் பேச முயன்றார். ராணி பேசவே விடாத விஷயம் அது. தவறு என்று ஒப்புக்கொண்டிருந்தால் விட்டிருப்பார்கள். எழுபதை நெருங்கிய மனிதர் இந்தத் தடவை மண்டியிடவில்லை. மனைவி எலிசபெத், ராணியின் செயலராக இருந்த வால்சிங்காமின் சகோதரி, டவரிலேயே அவரோடு தங்கினார். 1596-இல் அங்கேயே இறந்தார். பின்னர் வென்ட்வொர்த்தும்.